ஏழாவது பெயர்

முதல் குட்டியை வாங்கியது
பெர்த் போகும் சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கில்.
கார் டிக்கியைத் திறந்தான்.
வாழைப்பழ அட்டைப்பெட்டிக்குள் நான்கு.
தாய் எங்கே என்றேன்.
வீட்டில் தூங்குது என்றான்.
எந்த வீடு என்று நான் கேட்கவில்லை.
மழை. மறுநாள் எல்ஸ்பெத்தின் பிறந்தநாள்.
எழுநூறு பவுண்டை
அவனுடைய நனைந்த கையில் எண்ணி வைத்தேன்.

பதினோரு நாள் இருந்தது.
பெயர்கூட முடிவாகவில்லை,
மகள் ஒன்று சொல்வாள், நான் ஒன்று.
பார்வோ என்றார் மருத்துவர்.
சான்றிதழில் இருந்த தாயின் பெயரைத்
தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்,
அப்படியொரு நாயே கிடையாது.

இந்தமுறை தலையைச் சீவிக்கொண்டு போனேன்.
ஹன்ட்லிக்கு அப்பால், தார் முடிந்து சேறு தொடங்கும் இடத்தில்
இஷ்பெல் ஃபார்க்கர் வீடு.
சட்டைப்பையில் கேள்வித்தாள்:
கண் சோதனை, இதயச் சோதனை, எத்தனையாவது ஈற்று,
தாயைக் கண்ணால் பார்க்கலாமா.

தாளை எடுக்கவே விடவில்லை.
என்ன வேலை?
மீன் லாரி. பீட்டர்ஹெட்டிலிருந்து.
எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள்?
விடிகாலை மூன்று.
திரும்புவது?
ஒரு மணி. சில நாள் நான்கு.
மகள்?
பள்ளிக்கூடம்.
அதுவரை வீட்டில் யார்?

பெண் பார்க்கப் போன இடத்தில்
என் ஜாதகத்தைக் கேட்கிறார்கள்.
தேநீரை ஆறவிட்டு
யாருமில்லை என்றேன்.

அப்போதுதான் உள்ளே வந்தது தாய்.
பிராம்பிள். கெவலியர் ஸ்பேனியல்,
என் பூட்ஸைவிடக் கொஞ்சம்தான் உயரம்.
பதினைந்து வருட ஹேடாக் வாடையை
நிதானமாக மோந்துவிட்டு
அந்தப் பூட்ஸ்மேலேயே படுத்துக்கொண்டது.
இஷ்பெல் எழுந்துபோய் ஸ்டெதாஸ்கோப் எடுத்துவந்தாள்.
என் காதில் மாட்டிவிட்டு
மறுமுனையை அதன் விலாவில் வைத்தாள்.
குதிரை ஓடுவதுபோல் ஒரு சத்தம்,
நடுவில் எதுவும் உரசாமல்.
"இவளுக்கு இன்றுவரை சுத்தம்.
அதோ, அவளுக்கு ஐந்து வயதில் இரைச்சல் வந்தது."
அடுப்போரம் அக்காக்காரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.
"அத்தோடு அவள் வழியை நிறுத்திவிட்டேன்.
நாலாயிரம் பவுண்டு தூங்குகிறது, பாருங்கள்"
என்று சிரித்தாள்.

பிறகு சிரிக்காமல்:
"இந்த வருடம் யாருக்கும் குட்டி இல்லை.
உங்களுக்கு, அந்த மூன்று மணி மாறும்வரை
எந்த வருடமும் இல்லை."

டரிஃப் வரை கோபமாகவே ஓட்டினேன்.
என் காசு, என் வீடு, இவள் யார்.
டரிஃப்பில் டீசல் போடும்போது
பக்கத்துக் காரில் ஒருவன் டிக்கியைத் திறந்தான்.
உள்ளே உருளைக்கிழங்கு மூட்டைதான்.
ஆனாலும் பம்ப் நின்றது தெரியாமல்
பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஏப்ரலில் ஐஸ் ஃபேக்டரி அலுவலகத்துக்கு மாற்றல் வாங்கினேன்.
சம்பளம் கொஞ்சம் குறைவு.
வீட்டிலிருந்து நடை ஆறு நிமிடம்,
மதியம் வந்துபோகலாம்.
அதை மட்டும் எழுதி அனுப்பினேன்.

பதில் ஒரு தபால் அட்டையில்:
"ஜூனில் பிராம்பிளுக்கு மறுபடி இதய ஸ்கேன்.
தேறினால் அடுத்த வருடம் பார்ப்போம்,
தேறாவிட்டால் இல்லை.
பட்டியலில் நீங்கள் ஏழாவது.
வளர்க்க முடியாமல் போனால்
எந்த வயதிலும் என்னிடமே திருப்பித் தருவதாகக்
கையெழுத்திட்டு அனுப்பவும்."

ஒரு ஈற்றுக்கு நாலு, மிஞ்சினால் ஐந்து குட்டி.
எல்ஸ்பெத் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு
ஒன்றும் பேசாமல் பேனாவை நீட்டினாள்.

இன்னும் கருவிலும் இல்லாத ஒன்றை
உரியவளிடமே திருப்பித் தருவேன் என்று
கையெழுத்துப் போட்டேன்.

பழக்கம் விடவில்லை, மூன்று மணிக்கு விழித்துவிடுகிறேன்.
தலையணையில் அழுந்திய காதுக்குள் ஓடுகிறது
என்னுடையதுதான்.
இரைச்சல் இருக்கிறதா என்று
கேட்டுக்கொண்டு கிடக்கிறேன்.